தெரியாது என்பதன் விலை: சாட்பாட்களின் 60 வருடக் கதை

ஒரு சாட்பாட்டுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை. "இது என் ஏரியா இல்லை, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. இரண்டாவது வேலை எப்படி வளர்ந்தது என்று பார்க்கும் ஆசையில் சில மாதங்களாகப் பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகளைக் கோர்த்து எழுதியதுதான் இது.

படித்து முடித்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இந்த 60 வருடத்தில் தொழில்நுட்பம் நாலைந்து தடவை தலைகீழாக மாறியிருக்கிறது. ஆனால் ஒரு இயந்திரம் எப்போது "தெரியாது" என்று சொல்லும் என்பதற்கான காரணம் மாறவே இல்லை. தப்பான பதிலுக்கான செலவு அதைக் கட்டியவர்கள் தலையில் விழுந்த இடங்களில், இயந்திரம் வாயை மூடக் கற்றுக்கொண்டது. அந்தச் செலவு கேட்பவர் தலையில் விழுந்த இடங்களில், அது பேசிக்கொண்டே இருந்தது. இதை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

எலிஸா: புரியாததை மறைத்தவள்

1966 ஜனவரியில் எம்.ஐ.டி-யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலிஸா என்ற தன் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் குறிப்பிட்ட சில சொற்கள் இருக்கின்றனவா என்று எலிஸா தேடும். 'அம்மா' என்று வந்தால், உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்கிற மாதிரி ஒரு பதில் தரும். இது பலருக்கும் தெரிந்த கதை. நான் பார்க்க விரும்பியது அந்தக் கட்டுரையின் வேறொரு மூலையை. தேடிய சொல் ஒன்றுகூட வாக்கியத்தில் இல்லை என்றால் எலிஸா என்ன செய்யும்?

வைசன்பாம் இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று, எந்தச் சொல்லும் கிடைக்காதபோது எடுப்பதற்கென்றே ஒரு தனிப் பட்டியல். "ம், மேலே சொல்லுங்க" மாதிரியான பொதுப் பதில்கள் அதில் இருக்கும். இன்னொன்று அதைவிடத் தந்திரமானது. பேசுபவர் முன்பு "என்னுடைய..." என்று எதையாவது சொல்லியிருந்தால் எலிஸா அதை எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒன்றும் புரியாத வாக்கியம் வரும்போது, இதற்கும் நீங்கள் முன்னால் சொன்ன அந்த விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கும். பேசுபவருக்கு மெய்சிலிர்த்துவிடும். எவ்வளவு ஞாபகமா கேக்குது பாருங்க! உண்மையில் எலிஸாவுக்குச் சுத்தமாக ஒன்றும் புரியாத இடம் அதுதான்.

மனநல மருத்துவர் வேடம் கொடுத்ததற்கும் வைசன்பாம் காரணம் சொல்கிறார். நாம் படகில் நெடுந்தூரம் போனதாகச் சொல்லும்போது மருத்துவர் "படகுகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், இவருக்குப் படகே தெரியாது போல என்று நாம் நினைப்பதில்லை. ஏதோ காரணமாகத்தான் கேட்கிறார் என்று நாமே ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்கிறோம். உலகத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல் ஒருவர் உரையாடக்கூடிய சொற்ப இடங்களில் அது ஒன்று.

வைசன்பாம் இதை மறைக்கவில்லை. புரியாததை மூடிமறைத்தாவது பேச்சை நகர்த்திக்கொண்டு போவதே இந்த வேடத்தின் நோக்கம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். புரிந்துகொள்வது போன்ற மாயையை உண்டாக்குவது இவ்வளவு சுலபம் என்பதில் ஆபத்து இருக்கிறது என்றும் எழுதினார். ஆக, முதல் சாட்பாட்டை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே நம்முடைய பிரச்சினை பதிவாகிவிட்டது.

சௌ போட்ட கணக்கு

இதற்கு 9 வருடம் முன்பே, 1957-ல், பிரச்சினைக்கான கணிதம் வேறு ஒரு துறையில் எழுதப்பட்டிருந்தது. காகிதத்தில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கும் இயந்திரங்கள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. சி.கே. சௌ என்ற ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு எழுத்து சரியாகத் தெரியாதபோது இயந்திரம் ஊகித்துச் சொல்ல வேண்டுமா, அல்லது "என்னால் முடியவில்லை" என்று ஒதுக்கி வைக்க வேண்டுமா? 1970-ல் இன்னொரு கட்டுரையில் இதை இன்னும் கூர்மையாக்கினார்.

அவருடைய விடையை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால் 10 ரூபாய் நஷ்டம். படிக்காமல் ஒதுக்கினால், ஒரு ஆள் எடுத்துக் கண்ணால் பார்க்க 1 ரூபாய் செலவு. அப்படியென்றால் தப்பாகும் வாய்ப்பு பத்தில் ஒன்றைத் தாண்டும்போதெல்லாம் ஒதுக்கிவிடுவதே லாபம். தப்பின் நஷ்டம் 100 ரூபாய் என்றால் 99 சதவீத நிச்சயம் இல்லாமல் இயந்திரம் வாயைத் திறக்கவே கூடாது. ஒதுக்குவதற்கும் தப்பு செய்வதற்கும் ஒரே செலவு என்றால்? அப்போது ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை, எப்போதும் ஊகித்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சௌவின் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. இயந்திரத்தின் முன் வருவது எப்படியும் ஒரு எழுத்தாகத்தான் இருக்கும், அது 5-ஆ 6-ஆ என்பதில்தான் குழப்பம் என்று அது எடுத்துக்கொள்கிறது. யாராவது ஒரு காக்கா படத்தைக் காட்டினால் என்ன ஆகும்? அது 5-ம் இல்லை, 6-ம் இல்லை. 'இரண்டில் எது என்று குழப்பம்' என்பதும் 'இது என் உலகத்திலேயே இல்லை' என்பதும் வேறு வேறு அறியாமைகள். இந்த இரண்டாவது அறியாமைதான் சாட்பாட்களின் தலைவலி.

சின்ன உலகங்கள்

1970-களின் ஆரம்பத்தில் வந்த சில நிரல்களுக்கு இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை. டெர்ரி வினோகிராட் உருவாக்கிய ஷ்ர்ட்லூவின் உலகத்தில் ஒரு மேசை, சில கட்டைகள், பிரமிடுகள், ஒரு பெட்டி மட்டும்தான். தெரியாத சொல் ஒன்று வந்தால், அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று நேரடியாகவே சொல்லிவிடும். பேசுபவர் அந்தச் சொல்லை விளக்கினால் கற்றுக்கொண்டு, அதன்படி கட்டையும் அடுக்கும். உலகம் அவ்வளவு சின்னதாக இருந்ததால் வேலி எங்கே இருக்கிறது என்று நிரலுக்கே தெரிந்தது.

வில்லியம் உட்ஸ் குழுவின் லூனார் இன்னும் சுவாரசியமானது. அப்பல்லோ பயணங்களில் கொண்டுவந்த நிலாக் கற்களைப் பற்றி விஞ்ஞானிகள் சாதாரண ஆங்கிலத்தில் கேள்வி கேட்கலாம். 1971-ல் ஹூஸ்டனில் நடந்த நிலவு அறிவியல் மாநாட்டில் இதைக் காட்டினார்கள். வந்தவை 111 கேள்விகள், அவற்றில் 78 சதவீதத்துக்குத் திருப்தியான பதில் கிடைத்தது. அந்தக் காலத்துக்குப் பிரமாதமான கணக்கு. ஆனால் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். நிலாக் கற்களை ஆராயும் புவியியலாளர்கள்! அந்தத் தரவுத்தளத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று ஓரளவு தெரிந்தவர்கள். எல்லைக்குக் காவல் நின்றது கேள்வி கேட்ட மனிதர்தான்.

காலரா நோயாளியும் மைசினும்

அந்தக் காவல்காரர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைசின் நல்ல உதாரணம். ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் 1970-களில் உருவாக்கிய எக்ஸ்பர்ட் சிஸ்டம் அது. ரத்தத்தில் கிருமித்தொற்று, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று சொல்லும். 'இப்படி இருந்தால் அப்படி' என்ற வடிவில் சில நூறு விதிகள். ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு நிச்சயம் என்று ஒரு எண்ணும் உண்டு.

1979-ல் வெளியான சோதனையில் மைசினையும் ஸ்டான்ஃபோர்டின் மருத்துவர்களையும் ஒப்பிட்டார்கள். 10 மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரங்கள், மதிப்பிட 8 நிபுணர்கள். எது யாருடைய பதில் என்று நிபுணர்களுக்குத் தெரியாது. மைசினின் பரிந்துரைகளில் 65 சதவீதம் ஏற்கத்தக்கவை என்று தீர்ப்பு வந்தது. துறைப் பேராசிரியர்களில் ஒருவர்கூட அந்த அளவைத் தாண்டவில்லை.

இதற்குப் பிறகு, 1984-ல், செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் மெக்கார்த்தி ஒரு கட்டுரை எழுதினார். குடலில் காலராக் கிருமி இருக்கும் ஒரு நோயாளியின் விவரத்தை மைசினிடம் கொடுத்தால் அது என்ன சொல்லும் என்று அதில் விவரிக்கிறார். இரண்டு வாரம் டெட்ராசைக்ளின் கொடுங்கள் என்று சொல்லும். அதோடு சரி. அந்த மருந்து கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே வயிற்றுப்போக்கில் நீர் வற்றி நோயாளி செத்துப்போயிருப்பார். நம் ஊரில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கத் தெரிந்த எந்த அம்மாவுக்கும் தெரிந்த விஷயம் மைசினுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது. நோயாளி, மருத்துவர், சாவு என்பவற்றைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது.

மெக்கார்த்தி இன்னொன்றையும் கவனிக்கிறார். நிஜத்தில் இதனால் யாரும் சாக மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் மருத்துவர் வயிற்றுப்போக்குக்கு வேறு வழி பார்ப்பார். இங்கேயும் காவல்காரர் மனிதர்தான். அவரை எடுத்துவிட்டால் அந்த 65 சதவீதத்துக்கு மதிப்பே வேறு.

எக்ஸ்பர்ட் சிஸ்டங்களின் இந்தக் குணத்துக்கு 'உடையும் தன்மை' என்று அந்தத் துறையில் பெயர் வைத்தார்கள். எல்லைக்குள் நிபுணர், ஒரு அடி வெளியே வைத்தால் பாதாளம், நடுவில் சரிவே கிடையாது. தோல் நோய் கண்டுபிடிக்கும் நிரலிடம் துருப்பிடித்த பழைய காரின் விவரங்களைக் கொடுத்தால், காருக்குத் தட்டம்மை என்று சொல்லிவிடும் என்று டக்ளஸ் லெனட் கேலி செய்வார். உலக அறிவு முழுவதையும் ஊட்டினால்தான் இது தீரும் என்று அவர் 1984-ல் தொடங்கிய சைக் திட்டம் பல பத்தாண்டுகள் ஓடியது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பின்னால் ஆள் இருந்த காலம்

1990-களில் ஏ.டி.அண்ட்.டி ஆய்வுக்கூடத்தில் ஆலன் கோரினும் சகாக்களும் தொலைபேசி அழைப்புகளைத் தானாகப் பிரித்து அனுப்பும் அமைப்பைக் கட்டினார்கள். எண் 1-ஐ அழுத்தவும், எண் 2-ஐ அழுத்தவும் என்ற வேலையே இல்லை. "உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கும், நாம் நம் பாஷையில் சொல்லலாம். நிஜ வாடிக்கையாளர்கள் பேசிய சுமார் 10,000 அழைப்புகளைப் பதிவு செய்து அதிலிருந்து பயிற்சி கொடுத்தார்கள். கலெக்ட் கால், பில்லில் குழப்பம் என்று சில வகைகள், எதிலும் அடங்காதவற்றுக்கு 'மற்றவை' என்று ஒரு வகை. நிச்சயம் குறைவாக இருந்தால் அழைப்பு மனித ஆபரேட்டருக்குப் போகும்.

இந்த 'மற்றவை' வகை அங்கே ஏன் இயல்பாக அமைந்தது? ஆபரேட்டர்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தெரியாது என்று சொல்வதன் செலவு ஒரு ஆபரேட்டரின் சில நிமிடங்கள். தப்பான இடத்துக்கு அனுப்பினால் கோபமான வாடிக்கையாளர், மறுபடி ஒரு அழைப்பு. சௌவின் தராசு ஒதுக்குவதன் பக்கம் சாய்ந்திருந்தது.

2011 பிப்ரவரியில் ஐபிஎம்மின் வாட்சன், ஜெபர்டி என்ற அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியில் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் ஆகிய இரண்டு ஜாம்பவான்களைத் தோற்கடித்தது. அதில் பஸ்ஸரை அழுத்தித் தப்பாகச் சொன்னால் அந்தக் கேள்விக்கான பணம் நம் கணக்கிலிருந்து கழியும். அதனால் வாட்சனின் பாதி சாமர்த்தியம் எப்போது அழுத்தக் கூடாது என்று முடிவு செய்வதில் இருந்தது. ஒவ்வொரு விடைக்கும் நம்பிக்கை அளவு கணக்கிடும், வரம்பைத் தாண்டினால்தான் அழுத்தும்.

ஆனால் கடைசிச் சுற்றில் சும்மா இருக்க முடியாது, எல்லோரும் எழுதியாக வேண்டும். அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பில், இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயரிலும் போர் ஒன்றின் பெயரிலும் விமான நிலையங்கள் உள்ள ஊர் எது என்று கேட்டார்கள். விடை சிகாகோ. வாட்சன் எழுதியது டொரன்டோ! தலைப்பே அமெரிக்க நகரங்கள், இது போய் கனடா ஊரைச் சொல்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஐந்து கேள்விக்குறிகளும் போட்டிருந்தது. பந்தயம் கட்டியது வெறும் 947 டாலர். ஊரெல்லாம் டொரன்டோவைச் சொல்லிச் சிரித்தது. எனக்கு அந்தக் கேள்விக்குறிகளும் 947-ம்தான் பெரிதாகத் தெரிகின்றன. தப்புக்கு அபராதம் உள்ள விளையாட்டில் வளர்ந்ததால்தான் வாட்சனுக்குத் தன் சந்தேகத்தின் அளவு தெரிந்தது.

150 பேருக்கு மட்டும் பந்தி

2015-க்குப் பிறகு ஊரில் எல்லா வங்கிக்கும் கடைக்கும் சாட்பாட் வந்தது. இவற்றின் உள்ளே பெரும்பாலும் ஒரே அமைப்பு. வாடிக்கையாளர் கேட்பது எந்த 'இன்டென்ட்' என்று ஒரு நியூரல் நெட்வொர்க் வகைப்படுத்தும், அந்த வகைக்கு எழுதி வைத்த பதில் போகும்.

இந்த வகைப்படுத்தியின் கடைசிப் படி 'சாஃப்ட்மேக்ஸ்'. அதன் வேலை, எல்லா வகைகளுக்கும் பங்கு பிரித்து மொத்தத்தைச் சரியாக 1 ஆக்குவது. பந்தியில் 150 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பானையில் இருக்கும் சோறு முழுவதையும் அந்த 150 இலைக்குள்ளேயே பரிமாறித் தீர்க்க வேண்டும். வாசலில் நிற்கும் 151-வது ஆளுக்கு என்று ஒரு பருக்கைகூட ஒதுக்க முடியாது, அவர் இருப்பதே தெரியாது. சௌவின் காக்கா இப்படித்தான் 5 ஆகவோ 6 ஆகவோ ஆகிவிடுகிறது.

யாருக்கும் பெரிய பங்கு கிடைக்கவில்லை என்றால் சந்தேகப்படலாமே என்று கேட்கலாம். டான் ஹெண்ட்ரிக்ஸும் கெவின் கிம்பலும் 2016-ல் இதையே ஒரு அடிப்படை முறையாக முன்வைத்தார்கள். ஓரளவு வேலையும் செய்கிறது. ஆனால் அடுத்த வருடமே சுவான் குவோவும் சகாக்களும், நவீன நெட்வொர்க்குகள் தங்கள் தகுதிக்கு மீறிய நம்பிக்கையோடு பதில் சொல்கின்றன என்று காட்டினார்கள். 90 சதவீதம் நிச்சயம் என்று அது சொல்லும் பதில்களில் 90 சதவீதம் சரியாக இருப்பதில்லை.

2019-ல் ஸ்டீஃபன் லார்சன் குழு இதற்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. வங்கி, பயணம், சமையல் என்று 10 துறைகள், 150 இன்டென்ட்கள், 22,500 கேள்விகள். அதோடு எந்த வகையிலும் சேராத 1,200 கேள்விகள். எல்லைக்குள் இருப்பதை வகைப்படுத்துவதில் அப்போதைய சிறந்த மாடலான பெர்ட் 96 சதவீதத்தைத் தாண்டியது. எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஏறக்குறைய பாதியில் திணறியது. வெளியாட்களின் உதாரணத்தைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தாலும் தீரவில்லை. காரணம் எளிது. உள்ளே இருப்பதற்கு ஒரு வடிவம் உண்டு, வெளியே இருப்பதற்கு வடிவமே கிடையாது. 'மற்றவை' என்பதற்கு எத்தனை உதாரணம் சேர்த்தாலும் நாளைக்கு ஒருவர் அதில் இல்லாத ஒன்றைக் கேட்பார்.

நான் வேலை பார்த்த இடமொன்றில் இதே மாதிரி ஒரு பாட்டுக்குப் பின்புலச் சேவைகள் எழுதினேன். காப்பீடு சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர், பெயர் வேண்டாம். உரையாடல் பதிவுகளைப் படிப்பது அப்போது எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டது. "வீட்டுக்காரர் தவறிட்டார், வண்டி இன்சூரன்ஸ் என் பேருக்கு மாத்தணும்" என்று ஒரு அம்மா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார். பாட் அதைப் 'பெயரில் எழுத்துப்பிழை திருத்தம்' என்ற வகையில் போட்டு, ஆதார் நகலைப் பதிவேற்றுங்கள் என்றது. அவர் பதிவேற்றினார். அடுத்து அவருடைய கணவரின் கையெழுத்தைக் கேட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் டாஷ்போர்டில் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் இருக்கும். ஒன்று, மனிதரிடம் போகாமலே முடிந்த உரையாடல்களின் சதவீதம். அது ஏறினால் பச்சை. இன்னொன்று, "மன்னிக்கவும், புரியவில்லை" என்று பாட் சொன்ன சதவீதம். அது ஏறினால் சிவப்பு. சிவப்பு அதிகமானபோது மேலிடத்தில் முடிவெடுத்து நம்பிக்கை வரம்பை இறக்கச் சொன்னார்கள். மறுநாளே பச்சை. அந்த அம்மாவின் உரையாடல் பச்சைக் கணக்கில்தான் இருந்தது, ஏனென்றால் அவர் பாதியில் ஜன்னலை மூடிவிட்டார்.

ஏ.டி.அண்ட்.டி-யில் ஆபரேட்டர் இருந்ததால் 'தெரியாது' மலிவாக இருந்தது. இங்கே அந்த ஆபரேட்டரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கவே பாட்டை வாங்கியிருந்தார்கள். தெரியாது என்று சொல்வதுதான் விலை உயர்ந்த பொருள் ஆகிவிட்டது. தப்பான பதிலுக்கோ டாஷ்போர்டில் ஒரு கட்டம்கூட இல்லை. சௌவின் தராசு அப்படியே கவிழ்ந்துவிட்டது.

வேலியே இல்லாத காலம்

பெரிய மொழி மாதிரிகள் வந்ததும் '150 இலை' என்ற கணக்கே போய்விட்டது. கவிதையும் எழுதும், கோடும் எழுதும். இப்போது எல்லை என்பது, நீ இன்ன கடையின் உதவியாளர் என்று மேலே எழுதி வைக்கும் ஒரு பத்திதான். 2023 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு கார் ஷோரூமின் பாட், மக்கள் கேட்டதும் பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தது. புத்தம்புது காரை 1 டாலருக்குத் தர ஒப்புக்கொள்ளவும் செய்தது. சிரிக்கலாம்.

சிரிக்க முடியாத ஒன்றும் அதே வருடம் நடந்தது. உணவுப் பழக்கக் கோளாறால் அவதிப்படுபவர்களுக்கான அமெரிக்க தேசிய அமைப்பு ஒன்று, மனிதர்கள் பேசும் உதவி எண்ணை மூடும் முடிவை எடுத்திருந்தது. டெஸ்ஸா என்ற அதன் பாட் முதலில் ஆய்வாளர்கள் எழுதி வைத்த பதில்களை மட்டும் சொல்லும்படி கட்டப்பட்டது. பிறகு அதை நடத்திய நிறுவனம் தானாக வாக்கியம் உருவாக்கும் வசதியைச் சேர்த்தது. 2023 மே மாதக் கடைசியில், உதவி கேட்டு வந்தவர்களுக்கு அது கலோரி குறைப்பதற்கும் எடை குறைப்பதற்கும் யோசனை சொன்னது வெளியே வந்தது. பட்டினி கிடந்தே உயிருக்குப் போராடும் நோயாளிகளிடம் சொல்லக் கூடாத யோசனை அது. டெஸ்ஸாவை உடனே நிறுத்தினார்கள். முந்தைய டெஸ்ஸா குறைவாகப் பேசியது, ஆனால் அதற்கு வேலி இருந்தது.

இந்த மாதிரிகளுக்குத் தங்கள் அறியாமை உள்ளே தெரிகிறதா? ஓரளவு தெரிகிறது. ஆந்த்ரோபிக் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய மாதிரிகளிடம் உன் விடை சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் கணிசமாகச் சரியாகவே மதிப்பிடுவதாகக் கண்டார்கள். ஓபன்ஏஐயின் 2023 ஜிபிடி-4 அறிக்கையில் ஒரு படம் இருக்கிறது. மூல மாதிரியின் நம்பிக்கையும் உண்மையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போகின்றன. மனிதர்களுக்குப் பிடித்த மாதிரி பேசப் பழக்கிய பிறகு அந்தப் பொருத்தம் குலைகிறது.

ஏன் என்பதற்கு 2025 செப்டம்பரில் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒரு விடை தருகிறது. மாதிரிகளை மதிப்பிடும் தேர்வுகளில் சரியான விடைக்கு 1, தப்புக்கு 0, தெரியாது என்றாலும் 0. எனவே ஊகிக்கும் மாதிரிதான் தரவரிசையில் மேலே வரும். சௌவின் கணக்கின் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

நமக்கு இது புதுசே இல்லை. 2020-லிருந்து டிஎன்பிஎஸ்சி கொள்குறித் தேர்வு விடைத்தாளில், விடை தெரியவில்லை என்றால் கறுப்பாக்க 'இ' என்று ஐந்தாவது வட்டம் இருக்கிறது. காலியாக விட்டதைப் பிறகு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் தப்பான விடைக்கும் பூஜ்யம், 'இ'-க்கும் பூஜ்யம் என்றால் எவன் 'இ'-யைக் கறுப்பாக்குவான்? நீட் தேர்வில் சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நாலு விடைகளில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால்கூடச் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம் வருகிறது, போட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்ல வைக்க வேண்டுமென்றால் அபராதம் அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. அபராதத்தை எக்கச்சக்கமாக ஏற்றினால் எல்லாவற்றுக்கும் மறுக்கும் பாட் கிடைக்கும். 2023-ல் வந்த எக்ஸ்எஸ்டெஸ்ட் என்ற தொகுப்பு இதைச் சோதிக்கிறது. கணினியில் ஓடும் பைத்தான் பிராசஸைக் 'கொல்வது' எப்படி என்று கேட்டால், கொலை என்ற சொல்லைப் பார்த்தே சில மாதிரிகள் பின்வாங்கின. இது ஆபத்தான கேள்விகளை மறுப்பது பற்றிய சோதனைதான், ஆனாலும் பாடம் இங்கேயும் பொருந்தும். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டும் அம்மாவை "இது என் எல்லைக்கு வெளியே" என்று திருப்பி அனுப்புவதும் தப்புதான். அவர் கேட்டது எல்லைக்குள் இருக்கும் விஷயம், எழுதிய விதம்தான் இயந்திரத்துக்குப் புதுசு.

812 டாலர்

விலை திரும்பவும் கட்டியவர்கள் பக்கம் நகர்ந்த ஒரு சம்பவத்தோடு முடிக்கிறேன். பாட்டி இறந்ததற்குப் போக டிக்கெட் எடுத்த ஒரு பயணிக்கு, ஏர் கனடாவின் சாட்பாட் தப்பான தகவல் சொன்னது. இப்போது முழு விலைக்கு வாங்கி, 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் துக்கக் காலச் சலுகையைத் திரும்பப் பெறலாம் என்றது. நிறுவனத்தின் உண்மையான விதி அப்படி இல்லை, பயணத்துக்குப் பிறகு கேட்க முடியாது. விஷயம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தனியான ஒரு அமைப்பு, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில், வட்டியும் கட்டணமும் சேர்த்து 812.02 கனடிய டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

ஒரு விமான நிறுவனத்துக்கு இது டீச்செலவு. ஆனால் தப்பான பதில் என்ற கட்டம் முதல் தடவையாக யாரோ ஒருவரின் டாஷ்போர்டில் ஒரு எண்ணோடு ஏறியது. புதிய அல்காரிதங்களைவிட இந்த மாதிரி எண்கள்தான் பாட்களை அடக்கமாகப் பேச வைக்கும் என்று, இத்தனை கட்டுரைகளைப் படித்த பிறகு நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. அடுத்த தடவை ஏதாவது வங்கியின் சாட்பாட்டைத் திறக்கும்போது, உங்கள் வேலையைக் கேட்பதற்கு முன்னால், முட்டைப் பொடிமாஸ் எப்படிச் செய்வது என்று கேளுங்கள். "நல்ல கேள்வி, வேறு எப்படி உதவலாம்?" என்றால் அது எலிஸாவின் பேத்தி. உங்கள் கடன் பாக்கியைச் சொன்னால் உள்ளே 150 இலைப் பந்தி நடக்கிறது. இரண்டு முட்டையை உடைத்து ஊற்றச் சொன்னால் வேலியே போடவில்லை. "இது எனக்குச் சம்பந்தமில்லாதது, வங்கி விஷயம் என்றால் கேளுங்கள், ஆள் வேண்டுமென்றால் இந்த எண்" என்று சொன்னால், அங்கே யாரோ உட்கார்ந்து சௌவின் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் பணத்தைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.